தாமிரபரணிக் கலரில் ஒரு கம்ப்யூட்டர்

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் அல்வாவுக்கு ஆர்டர் கொடுத்து விடுவார்கள். கால் கிலோ, அரை கிலோ என்று. காசு மட்டும் ‘வந்ததும் தர்றேன் சார்!’ ஆனால், போன தடவை நான் நெல்லைக்குப் போனது கம்ப்யூட்டர் வாங்க.

‘ஏன் சார், சென்னையில்தான் ரிச்சி தெரு இருக்கே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. ஆனால், அந்தக் கம்ப்யூட்டர் குடியிருக்கப் போவது அம்பாசமுத்திரத்தில். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதர்போர்டு படுத்துக்கொண்டால், அதை மடியில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற முடியுமா? நூறு இருநூறு கூடுதலானாலும் பக்கத்து ஊர்க் கடைதான் லாபம். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அம்பையில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் என் மச்சினன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு... ஆல்பம்தான் பிழைப்பு. அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மானிட்டர்தான் காலை வாரிவிட்டது. அது எல்லாவற்றையும் கொஞ்சம் நீலமாகக் காட்டும். இவன் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மஞ்சளை ஏற்றுவான். பிரிண்ட் வந்தால், மஞ்சள் நீராட்டு ஆல்பத்தில் பெண் மட்டுமல்ல... தாய்மாமன், சமையல்காரர், மைக் செட்காரர் எல்லோருமே மஞ்சள்! பார்ட்டி பாக்கிப் பணத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். தை மாதத்துக்கு ஏழு கல்யாணம் புக் ஆகியிருந்தது. அவன் மனைவி செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடையில் கிடைத்தது 60,000 ரூபாய். அதற்குள் முடிக்க வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் அம்பையில் ஏறினோம். ஊரை விட்டதும் தாமிரபரணிப் பாலம். தாண்டினால் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. அப்புறம் வயல்தான், வாய்க்கால்தான். பச்சையிலேயே பத்து தினுசுப் பச்சை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்த மச்சினன் சொன்னான்: “அத்தான், இதுல ஒரு பச்சைகூட என் மானிட்டர்ல வராது.”

பணத்தை எதில் போட வேண்டும் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

வண்ணாரப்பேட்டையில் கடை. அண்ணாச்சி முதலில் எடுத்து வைத்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி லைட் எரிகிறது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குக்கூட இவ்வளவு சீரியல் செட் போட மாட்டார்கள்!

“கேமிங் கார்டோட தாரேன் தம்பி. சும்மா பறக்கும்லா!”

“பறக்க வேண்டாம் அண்ணாச்சி, ஆல்பம் போட்டாப் போதும்” என்றேன்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 12-க்கு 36 இஞ்ச் ஆல்பத் தாளை, இஞ்சுக்கு 300 புள்ளி வீதம் போட்டால் கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். ஆக, ஒரே ஒரு லேயருக்கு சுமார் 117 எம்.பி. மாலை, பார்டர், பூ, புறா என்று பத்து லேயர் போட்டால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். இதெல்லாம் உட்கார இடம் ராம். அதனால், 8 ஜி.பி.யில் இரண்டு குச்சி, மொத்தம் 16. பின்னால் கூட்டிக்கொள்ள இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கும் போர்டு.

பிராசஸர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி. ஆறு கோர். இன்டெல் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: மாடல் நம்பர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு வாங்கியாக வேண்டும். ஏ.ஐ. வைத்து இரைச்சல் நீக்குகிற வேலை நிறைய இருந்தால்தான் நல்ல கார்டு கைகொடுக்கும். அதை அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், அதையும் தாங்குகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை இன்றைக்கே வாங்கிவிட வேண்டும்.

மிச்சம் பிடித்த பணம் மானிட்டருக்குப் போனது. ஐ.பி.எஸ். பேனல், எஸ்.ஆர்.ஜி.பி. நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆல்பம் பிரிண்ட் போடும் லேப்காரர்கள் பெரும்பாலும் கேட்பது அந்தக் கலர் கணக்கைத்தான். மச்சினன் பென் டிரைவில் ஒரு படமும், அதே படத்தின் நல்ல பிரிண்ட் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். அவன் மாமியார் படம். தாமிரபரணியின் பேரிலேயே தாமிரம் இருக்கிறதல்லவா? அந்தப் பக்கத்து முகங்களும் அந்த ரகம்தான். முதல் மானிட்டரில் மாமியார் வெள்ளைக்காரி. இரண்டாவதில் காய்ச்சல்காரி. மூன்றாவதில்தான் சொந்த மாமியார். பிரிண்ட்டைக் கடை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுதான் அத்தான்” என்றான்.

ஸ்டோரேஜ் விஷயத்தில் மட்டும் அண்ணாச்சி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும் என்றோம். அவர் தலையாட்டவில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி நெல்லைக்குள் புகுந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டெல்லாம் முழுகியதே... அப்போது சேறும் சகதியுமாக வந்த கம்ப்யூட்டர்களைக் கழுவிக் காய வைத்தவர் அவர்.

“பெட்டி போனா வேற பெட்டி வாங்கிரலாம் தம்பி. ஒரு ஸ்டுடியோக்காரப் பையன் டிஸ்க்கைத் தூக்கிட்டு ஓடி வந்தான். கல்யாண போட்டோ. அதுல பொண்ணோட அப்பா இருந்திருக்காரு. மனுஷன் அதுக்கப்புறம் தவறிட்டாரு. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். அந்த டிஸ்க்கு எந்திரிக்கவே இல்ல.”

மச்சினன் ஒன்றும் பேசாமல் வெளியில் வைக்கிற 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் பில்லில் சேர்க்கச் சொன்னான். எந்தப் படமும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஸ்டுடியோவில் இரண்டு, வீட்டு மாடியில் ஒன்று என்று முடிவானது. யு.பி.எஸ். பழையதுதான், பேட்டரி மட்டும் புதுசு. 1944-லேயே மின்சாரம் எடுத்த பாபநாசம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், கரண்ட் போகிற நேரத்தில் போகத்தான் செய்யும்!

பில்லில் 600 ரூபாய் மிச்சம். லைட் எரியாத கறுப்புப் பெட்டி அம்பை வந்து சேர்ந்தது. மச்சினன் முதல் வேலையாக அந்த மஞ்சள் ஆல்பத்தைத் திறந்தான். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகச் சரிசெய்து, புதுசாகப் பிரிண்ட் போட்டு, தன் செலவிலேயே பார்ட்டி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். தாய்மாமன் தன்னுடைய சொந்தக் கலருக்குத் திரும்பியிருந்தார். பாக்கிப் பணம் அன்றைக்கே வந்துவிட்டது. செயினுக்கு முதல் மாத வட்டி கட்டியது அந்தப் பணத்தில்தான்.