பாறையைச் சுரண்டாதே

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐப்டேசியா என்ற கடல் அனிமோன்தான், சந்தேகமே இல்லை. ஒளி ஊடுருவுகிற பழுப்பு உடம்பு, நுனி மெலிந்த நீண்ட கைகள், நிழல் பட்டதும் ஓட்டைக்குள் சுருங்கிவிடுகிற குணம் எல்லாம் பொருந்துகிறது. புதிதாக வாங்கிய பவளத்தின் அடிக்கட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். "பூ மாதிரி அழகாகத்தானே இருக்கிறது, ஒன்றிரண்டு இருந்தால் என்ன?" என்று கவிதா கேட்டாளாமே. இருக்கக் கூடாது என்று சொல். அதன் கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சுருங்க வைத்து, அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கத்தியால் சுரண்டி எடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. ஐப்டேசியா நகரும்போது பாதத்திலிருந்து சிறு துணுக்குகளை விட்டுச் செல்லும். ஒவ்வொரு துணுக்கும் முழு உயிராக வளரும். வாழையடியில் கன்று வெடிப்பது போலத் தாயைச் சுற்றிக் குட்டிகள் முளைப்பது இப்படித்தான். கத்தி வைத்தால் அந்த வேலையை நீயே செய்து கொடுத்ததாகிவிடும்.

பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடச் சொன்ன உன் நண்பரின் பேச்சையும் கேட்காதே. இது எனக்குப் பெரிய கவலை. உன் பாறையில் பச்சையும் ஆரஞ்சுமாக, பவளத்தின் உறவினமான ஜோவாந்திட் கூட்டம் படர்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. அந்த இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது ஆவியோடு கிளம்பி மூச்சில் போகும். 2018-ல் உங்கள் பக்கம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில், தொட்டியிலிருந்து பவளத்தை வெளியே எடுத்ததிலேயே ஒரு வீட்டார் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனார்கள். உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை வேண்டாம். தொட்டிக்குள் கை விடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்.

சரி, என்ன செய்வது? கண்ணில் படுகிற பெரியவற்றுக்குச் சுண்ணாம்பு வை. நம் பாட்டி வெற்றிலையில் தடவிய அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் கலப்படமில்லாத, மீன்தொட்டிக்கென்று விற்கிற கால்க்வாசர் பொடியையே வாங்கு. துளி நீரில் கெட்டியாகக் குழைத்து, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் ஏற்று. பம்புகளை நிறுத்திவிட்டு ஊசியை மிக மெதுவாகக் கொண்டு போ. அவசரப்பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கைகள் விரிந்திருக்கும்போதே வாயின் மேல் ஒரு துளி விடு. இரை என்று நினைத்து அதை மூடி விழுங்கும். மிச்சத்தைக் கொண்டு அந்த ஓட்டையையே அடைத்துவிடு. கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடு. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைக்காதே. சுண்ணாம்பு கடுமையான காரம், தண்ணீரின் பிஎச் ஏறினால் மீன்கள் தவித்துப்போகும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு போதும்.

ஊசி எட்டாத இடுக்குகளுக்கு என் மனம் பெர்கியாவைத்தான் சொல்லும். விரல் நுனி நீளம்கூட இல்லாத கடல் நத்தை, ஓடு கிடையாது. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்ற இரையின் கொட்டும் செல்களைத் தன் முதுகு நீட்சிகளில் சேர்த்துவைத்து ஆயுதமாக்கிக்கொள்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. இரவில்தான் வேலை செய்யும். விளக்கு அணைந்த பிறகு, ஐப்டேசியா இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விடு. வெள்ளைச் சுருளாக முட்டை தெரிந்தால் காரியம் நடக்கிறது என்று அர்த்தம். இரை தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும், அதற்கு முன்பே தேவைப்படுகிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடு.

பெப்பர்மின்ட் இறால் மலிவு. சில தின்னும், சில திரும்பியும் பார்க்காது. கடையில் கூனல் முதுகுள்ள ஒட்டக இறாலை அந்தப் பெயரில் கொடுத்துவிடுவார்கள், அது உன் ஜோவாந்திட்டையே கொறிக்கும். காப்பர்பேண்ட் மீனை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இங்கே புலாவ் ஹந்து தீவுப் பாறைகளில் நீண்ட மூக்கை இடுக்கு இடுக்காக நுழைத்து நாள் முழுக்க இரை தேடுவதைப் பார்த்திருக்கிறேன். உன்னுடையது போன்ற சின்னத் தொட்டியில் தீனி எடுக்காமல் மெலிந்தே போகும்.

தொட்டிக்குப் போடும் தீனியையும் குறை. மிச்சம் கிடப்பதெல்லாம் ஐப்டேசியாவுக்குத்தான் விருந்து. இதைக் கேட்டால் நம்புவாயா: பவளத்துக்குள் வாழ்கிற அதே வகைப் பாசி இதற்குள்ளும் வாழ்வதால், பவளம் வெளுப்பதை ஆராய்கிறவர்கள் இதைத்தான் ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுதியையே வெளியிட்டார்கள். நாம் விரட்டுகிறோம், அவர்கள் போற்றி வளர்க்கிறார்கள். சாகாமல் பெருகுவதுதான் அவர்களுக்கும் வசதி.

பெர்கியா வாங்குமுன் உன்னிடம் ராஸ் மீன் எதுவும் இருக்கிறதா என்று எழுது. இருந்தால் பெர்கியாவைப் பொறுக்கித் தின்றுவிடும், காசு வீண். பாறையின் பின்பக்கத்தையும் அடித்தொட்டியையும் டார்ச் அடித்துப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா