வருஷத்துக்கு ரெண்டு தடவை ஓடுற மெஷின்

மஞ்சள், வாழை, மாடு என்று எழுதிக்கொண்டிருந்தவன் கார் பாலிஷ் மெஷினைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீங்க. தோட்டத்துக்குள் நிற்கிற காருக்குத்தான் இது அதிகம் தேவைப்படுது.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு. பரிசோதனைக்குக் கொடுத்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமைத் தாண்டி வந்தது. வேறு வழியே இல்லாத ஊரில்கூட குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் 600 வரைதான் விடும். அந்தத் தண்ணியில் காரைக் கழுவி வெயிலில் நிறுத்தினால் தண்ணி ஆவியாகிவிடும், சுண்ணாம்பும் மெக்னீசியமும் பெயின்ட் மேல் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடும். போதாததுக்கு வேப்ப மரத்துக் காக்கா எச்சம், வண்டிப்பாதைப் புழுதி. ஒன்பது வருஷமான கருநீலக் கார், வெளுத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் விக்கிற விலைக்குப் புதுக் கார் பேச்சே இல்லை. இதையேதான் இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டியாகணும்.

மெஷின் வாங்கலாமா என்று கேட்டதும் வீட்டம்மா சொன்னது இது: "ஏனுங்க, மருந்தடிக்கிற மெஷினே வருசத்துல பாதி நாள் சும்மா கெடக்குது. இதையும் வாங்கி எலிக்குக் குடுக்கப் போறீங்களா?"

நியாயமான கேள்வி. எப்போதாவது எடுக்கிற மெஷின் ஓடித் தேய்ந்து சாவதில்லை, கிடந்து கெட்டுத்தான் சாகிறது. அதனால் வாங்கும்போதே, கிடக்கத் தாங்குமா என்றுதான் பார்க்கணும்.

அதுக்கு முன்னாடி பாலிஷ் என்றால் என்ன என்று தெளிவாகிக்கலாம். எங்க பக்கம் வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுத்துவோம். மேல்தோல் உரசி உதிர்ந்து மஞ்சள் பளபளக்கும், எடை குறையும். எதையும் பூசிப் பளபளப்பாக்குவதில்லை, தேய்த்து எடுத்துத்தான் பளபளப்பு வருது. காரும் அப்படித்தான். கலருக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் போகும். தீர்ந்தால் புது பெயின்ட்தான்.

அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன் வினிகரைப் பாருங்க. வெள்ளை வினிகரில் சரிபாதி நல்ல தண்ணி கலந்து, துணியில் நனைத்து, கறை மேல் ஒரு நிமிஷம் வைத்துத் துடைத்துக் கழுவிவிடுங்க. புதுக் கறை இதிலேயே போயிடும். பெயின்ட்டை அரித்து உள்ளே இறங்கிய கறைக்கு மட்டும்தான் மெஷின்.

மெஷினில் ரெண்டு ஜாதி. ஒன்று ரோட்டரி. தட்டு ஒரே அச்சில் சுத்தும், வேலை வேகமாக நடக்கும், சூடும் ஒரே இடத்தில் ஏறும். என் பங்காளி ஒருத்தர் காரை டவுனில் ஒரு கடையில் விட்டார். பானெட் ஓரத்தில் ரோட்டரியைக் கொஞ்சம் அழுத்திவிட்டார்கள். பெயின்ட் கருகி, பானெட் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டியதாப் போச்சு. தினமும் பிடிக்கிற கைக்கே அந்த நிலை.

இன்னொன்று டூயல் ஆக்‌ஷன். தட்டு சுத்திக்கொண்டே ஆடவும் செய்யும். அழுத்திப் பிடித்தால் சுத்துவது நின்றுவிடும், அதனால் பெயின்ட் கருகுவது அபூர்வம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பிடிக்கிற கைக்கு இதுதான் சரி. ஆட்டத்தின் அளவு 8 மில்லிமீட்டர், 15, 21 என்று வரும். நான் 15 எடுத்தேன். வீட்டில் இருக்கிற கிரைண்டரில் பஞ்சை மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது நிமிஷத்துக்கு 11,000 சுற்று வாக்கில் ஓடுறது, இரும்பு அறுக்கிற வேகம். கார் பக்கமே கொண்டுபோகாதீங்க.

இனி உழைப்பு விஷயம். எங்க மோட்டாருக்கு காயில் கட்டுகிற தம்பியிடம் கேட்டேன். "அண்ணா, சின்ன ஆர்மேச்சருக்குக் கட்டுற கூலி கட்டுபடியாகாதுங்க. கார்பன் மாத்த முடியுதான்னு பாத்து வாங்குங்க," என்றான். வாட்ஸ் எவ்வளவு என்று பார்ப்பதைவிட இதுதான் முக்கியம். மெஷினின் பக்கவாட்டில் ரெண்டு மூடி இருந்து, திருகினால் கார்பன் பிரஷ் வெளியே வரணும். அது இல்லையென்றால் அந்தச் சின்னத் துண்டுக்காக முழு மெஷினையும் பிரிக்கணும்.

அடுத்தது தட்டு. பஞ்சு ஒட்டுகிற வெல்க்ரோ சூட்டில் இளகிவிடும். அந்தத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்க. 5 இஞ்ச் தட்டாக இருந்தால் பஞ்சு எங்கேயும் கிடைக்கும்.

பேட்டரி மெஷின் கைக்கு வசதிதான். ஆனால் லித்தியம் பேட்டரி சார்ஜ் இறங்கி மாசக்கணக்கில் கிடந்தால் திரும்ப எழுந்திருக்காமல் போகலாம். எப்போதாவது எடுக்கிறவங்களுக்கு ஒயர் வைத்ததே நல்லது. வீட்டிலிருந்து கார் நிற்கிற இடம் தூரமென்றால் ஒல்லி எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவான ஊரில் அதிலேயும் கொஞ்சம் போய், மோட்டார் திணறிச் சூடாகும்.

வேலை செய்யும்போது காரை நன்றாகக் கழுவி, நிழலில், தகரம் ஆறின பிறகு தொடங்குங்க. ஒரு மணல் துகள் பஞ்சில் மாட்டினால் பானெட் முழுக்கக் கோடுதான். ஓரங்களையும் மடிப்புகளையும் டேப் ஒட்டி மறைச்சிருங்க, அங்கேதான் பெயின்ட் மெல்லிசு.

முடிந்ததும் பஞ்சைக் கழற்றணும். மாட்டியே நிறுத்தி வைத்தால் ஒரு பக்கம் அமுங்கிவிடும். கழுவி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போடுங்க. வெயிலில் போட்டால் சீக்கிரமே உதிர ஆரம்பிச்சிரும். மெஷினை மூடி உள்ள தகர டின்னில் வைக்கிறேன். அட்டைப்பெட்டியில் வைத்தால் எலி ஒயரைக் கடிக்கும், காற்று போகிற ஓட்டையில் குளவி மண் வைத்துக் கூடு கட்டும். எங்க மருந்தடிக்கிற மெஷினில் ரெண்டும் நடந்திருக்கு. மாசம் ஒருமுறை எடுத்து ரெண்டு நிமிஷம் சும்மா ஓட்டிவிடுகிறேன். வீட்டம்மாவின் கேள்விக்கு இதுவரை அந்த டின்தான் பதில்.

இவ்வளவும் படித்துவிட்டு ஆளுக்கொரு மெஷின் வாங்க வேண்டியதில்லை. எங்க ஊரில் நீளமான ஏணி நாலு வீட்டுக்கு ஒன்றுதான். உங்க அபார்ட்மென்ட்டிலும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால், நல்லதாகவே வாங்கலாம், கிடந்தும் கெடாது. பஞ்சை மட்டும் அவரவர் சொந்தமாக வைத்துக்கோங்க. ஒருத்தர் பஞ்சில் இருக்கிற மண் அடுத்தவர் காரைக் கீறிவிடும்.