ஒரிஜினலா, வெளி பார்ட்ஸா?

"சார், கம்பெனி பார்ட்ஸ் போடவா, வெளிய வாங்கிப் போடவா?" மெக்கானிக் இப்படிக் கேட்டதும் நாம விலையை மட்டும்தான் விசாரிக்கிறோம். யார் செய்ததுன்னு கேட்கிறதே இல்லை.

கார் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாங்களே செய்வதில்லை. நம்ம சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் செய்கிறது. பிரேக்ஸ் இந்தியா பிரேக் பாகங்கள். இப்படிப்பட்டவர்கள் கார் கம்பெனிக்கும் சப்ளை செய்வார்கள், தங்கள் பெயரிலேயே கடைக்கும் அனுப்புவார்கள். உங்க வண்டிக்கு சப்ளை செய்தவரின் பாகமே அவர் பெட்டியில் கிடைத்தால், நான் யோசிக்காமல் அதைத்தான் வாங்குவேன். விலையும் பெரும்பாலும் குறைவு.

பயம் போலியிடம்தான். பிரேக் பேடைக் கையில் எடுத்துப் பாருங்க. இரும்புத் தகட்டின் ஓரம் பிசிறடித்திருந்தால், நகத்தால் சுரண்டும்போது பொடி உதிர்ந்தால், பேட்ச் நம்பர் இல்லையென்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. ஹாலோகிராமை மட்டும் நம்பாதீங்க, அதையும் அச்சடிக்கிறார்கள்.

வைப்பர், ஏசி ஃபில்டர், பல்புக்கெல்லாம் நல்ல பிராண்டு வெளி பார்ட்ஸ் தாராளமாகப் போதும். வெளி பம்பர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பல நேரம் கிளிப் துளை சரியாகப் பொருந்தாது. இடைவெளி கண்ணை உறுத்தும். ஏர்பேக்கில் மட்டும் பேரமே வேண்டாம், கம்பெனி பாகம்தான்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்க. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க.