ஓதாத மனே, வாசி

அறபுத்தமிழ் வாசிப்புப் போட்டியொன்று நடத்தப் போகிறோம் என்று ஊரில் சொன்னபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கிறாஅத் போட்டியா சேர்?" என்பதுதான். இல்லை, தமிழ் வாசிப்புப் போட்டி என்றேன். "அப்ப ஏன் அறபு எழுத்து?" என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டு தலைமுறைக்கு முன் எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் ஆறு பேர். ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஒரு மௌலவி, புத்தகம் கட்டுகிற ஒருவர், கடை வைத்திருக்கும் என் மச்சான், நான். வியாழன் இரவுகளில் இஷாவுக்குப் பிறகு தையற்கடையில் கூடிப் பழைய அறபுத்தமிழ்க் கிதாபுகளை வாசிப்போம். சிலர் முத்திரை சேர்க்கிறார்கள், சிலர் புறா வளர்க்கிறார்கள், எங்களுக்கு இது. கரையான் அரித்த தாள்களை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காக நாங்கள் அரைமணி நேரம் சண்டை பிடிப்பதைப் பார்த்து ஊர் எங்களுக்கு வைத்த பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை தொடக்கம் எங்கள் கிழக்குக் கரை வரை தமிழ் பேசிய முஸ்லிம்கள் தமிழை அறபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'பத்ஹுத் தய்யான்' போன்ற சட்ட நூல்கள் இலங்கையிலும் வீடு வீடாக வாசிக்கப்பட்டன. பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றோர் இவ்விலக்கியத்தைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றார்கள். அது அறிஞர் பக்கம். வீட்டுப் பக்கம் வேறு. பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத காலத்தில் அவர்கள் ஓதப்பள்ளியில் குர்ஆன் எழுத்தைக் கற்றார்கள். அந்த எழுத்தோடு சில புள்ளிகளையும் குறிகளையும் கூடுதலாகத் தெரிந்துகொண்டால் தமிழும் வாசிக்கலாம். மருந்துக் குறிப்பு, நெல்லுக் கணக்கு, தாலாட்டு, கடிதம் எல்லாம் அதில்தான் எழுதினார்கள். குடிசன மதிப்பீட்டுக்காரருக்கு அவர்கள் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள்.

அந்தக் கொப்பிகளுக்கு என்ன நடந்தது? 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவை ஒரு பங்கு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தேடுதல்கள் நடந்த நாட்களில் பயத்தில் எரித்தவையும் புதைத்தவையும் இன்னொரு பங்கு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையத் தாள்களைக் கிணற்றுக்குள் போட்டுக் கல்லால் மூடினார்கள். அதில் பாதிக்கு மேல் அறபு அல்ல, தமிழ். வந்த சிப்பாய்க்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பெட்டிக்குரியவரின் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. இவை தவிர மூன்றாவது பங்கொன்றும் உண்டு. அறபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று கிழிந்தவற்றைச் சேர்த்துக் கடலில் விடுவது எங்கள் வழக்கம். கரையானைவிட எங்கள் மரியாதைதான் இந்தத் தாள்களை அதிகம் அழித்தது என்பது தபாலதிபரின் கட்சி. நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான்.

போட்டி என்ற யோசனை தையல்காரக் காக்காவுடையது. கூட்டம் வைத்துப் பேசினால் எவரும் வரமாட்டார்கள், பரிசு கொடுத்தால் வருவார்கள் என்றார். 2023 ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன்.

பிறகு தொடங்கியது சண்டை. எதை வாசிக்கக் கொடுப்பது? மாலை, மௌலிது என்றால் ஒரு சாரார் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். அவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டால் மறுசாரார் கோபிப்பார்கள். மூன்று வியாழக்கிழமைகள் இதிலே போயின. கடைசியில் முதற் சுற்றுக்கு வுழூ பற்றிய கல்லச்சுப் பக்கம் ஒன்று, இரண்டாம் சுற்றுக்கு வீட்டுக் கையெழுத்தில் உள்ள இருமல் மருந்துக் குறிப்பு ஒன்று என்று தீர்மானித்தோம். வுழூவிலும் இருமலிலும் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. மாலைகளை ஒதுக்கியதில் எனக்கு மனவருத்தம் உண்டுதான். அவற்றின் தமிழுக்கு முன் இந்த மருந்துக் குறிப்பு எம்மட்டு? ஆனால் முதற் போட்டியில் ஆட்கள் வந்து உட்கார வேண்டும்.

புள்ளி வழங்குவதிலும் இழுபறி. குரலுக்கு இருபது புள்ளி வேண்டும் என்று மௌலவி நின்றார். குரலுக்குப் புள்ளி கொடுத்தால் அது கிறாஅத் போட்டியாகிவிடும் என்று தபாலதிபர் எழும்பிப் போகவே பார்த்தார். எழுத்துக்கு ஐம்பது, பொருள் சொல்வதற்கு ஐம்பது என்று முடிந்தது.

இருபத்திமூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது பேர் பெண்கள். அவர்கள் மேடைக்கு வரமாட்டோம் என்றதால் மண்டபத்தைப் பலகைத் தட்டியால் மறைத்து அப்பால் பாய் விரித்தோம். எல்லோருக்கும் இலக்கம். நடுவர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும்.

ஹிப்ழு மத்ரஸாவில் ஓதும் பையன் ஒருவன் வந்தான். பதினான்கு வயது, கணீரென்ற குரல். வுழூப் பக்கத்தை ஓரெழுத்துத் தடுக்காமல் நீட்டி, குறுக்கி, மூக்கால் இழுத்து ஓதி முடித்தான். சபை அப்படியே இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கும்தான். தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு கிழக்குரல் வந்தது: "ஓதாத மனே. கதைக்கிற மாதிரி வாசி."

போட்டி விதிப்படி அது தலையீடு. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. பையன் மறுபடி தொடங்கினான். மூன்றாவது சொல்லில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "சேர், இது நம்மட பேச்சு!"

கையெழுத்துச் சுற்றில்தான் உண்மையான சிக்கல். அறபியில் அ, இ, உ என்ற மூன்றுக்கே உயிர்க்குறி. எகர ஒகரங்களுக்கு அறபுத்தமிழ் தனிக்குறி வைத்திருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் அது இருக்கும். அவசரத்தில் எழுதும் உம்மாமார் அதையெல்லாம் பார்ப்பார்களா? ஃபே எழுத்துக்குக் கூடுதலாக இடும் புள்ளி விடுபட்டால் பருப்பு 'ஃபருப்பு' ஆகிவிடும். இருமல் குறிப்பில் 'கொடியை இடித்து' என்று வருகிற இடத்தில் ஒகரக்குறி இல்லை. ஓர் இளைஞர் 'குடியை இடித்து' என்று வாசித்தார். மண்டபம் சிரித்து அடங்கச் சில நிமிடமாயிற்று. எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழிக் குடி. ஒரு காலத்தில் பள்ளி மரைக்கார்களையே குடிக்கு ஒருவராக எடுத்தார்கள். அதை இடித்துச் சாறு பிழிவதென்றால்!

எழுதியபடி வாசித்தவருக்கு எழுத்துப் புள்ளியைக் குறைக்கலாமா என்று நடுவர்கள் முரண்பட்டார்கள். குறைக்கக்கூடாது, பொருளில் குறையுங்கள் என்றேன். அப்படியே செய்தார்கள்.

முதற் பரிசு பதினான்காம் இலக்கத்துக்கு. எழுபது கடந்த ஒரு மூத்தம்மா, பையனைத் திருத்திய அதே குரல். மருந்துக் குறிப்பை வாசித்ததோடு நிற்கவில்லை. அந்தக் கொடி எந்தக் கொடி, எந்த வேலியில் கிடக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் சொன்னார். அதற்குப் புள்ளி ஒதுக்கியிருக்கவில்லை.

பரிசு ஒரு நுளம்பு வலையும் சான்றிதழும். பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்க மை தடவிய பஞ்சைக் கொண்டுபோனான் மச்சான். முதியோர் கொடுப்பனவு எடுக்கும்போது அவர் பெருவிரல்தான் வைப்பார் என்று அவனுக்குத் தெரியும். அவர் பஞ்சைத் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்டார். "எங்கட எழுத்தில வெச்சா எடுப்பீங்களா?" என்றார். வலமிருந்து இடமாகத் தன் பெயரையும், அதன் பக்கத்தில் தன் உம்மாவின் பெயரையும் எழுதினார். அந்தப் பற்றுச்சீட்டு தையற்கடையில் இருக்கிறது. எங்கள் கணக்கில் வேறெந்தச் சீட்டும் இவ்வளவு பத்திரமாக இல்லை.

அடுத்த கிழமை தையற்கடைக்கு ஒரு சீனிப் பை வந்தது. கொண்டுவந்தவர் உள்ளே வரவில்லை, பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஈரம் பட்டு ஒட்டிப்போன நான்கு கொப்பிகள். இரண்டைப் புத்தகம் கட்டுகிறவர் ஆவி காட்டிப் பிரித்துவிட்டார். ஒன்று வட்டை நெல்லுக் கணக்கு. மற்றதில் கடிதப் பிரதிகள். மீதி இரண்டையும் தொடவே பயமாயிருக்கிறது.

இரண்டாவது போட்டிக்கு ஒருவரும் முன்பு பார்த்திராத கையெழுத்துப் பக்கங்கள் வேண்டும். இதை வாசிப்பவர்களின் வீட்டில் பழைய கொப்பி ஏதாவது கிடந்தால், கடலில் விடுவதற்கு முன் ஒரு போட்டோப் பிரதி எடுத்து அனுப்புங்கள். பிரதிச் செலவை நாங்கள் தருவோம். போட்டியில் மிஞ்சிய பணம் காக்காவின் ஊசிப் பெட்டிக்குள் இருக்கிறது.