முகமும் அளவும்

ஒருவரை இன்னார் என்று நாம் அறிந்துகொள்வது பெரும்பாலும் முகத்தைக் கொண்டே. அதனால்தான் பள்ளி அடையாள அட்டை முதல் தேர்வு விண்ணப்பம் வரை எல்லாவற்றிற்கும் ஒரு முகப்படம் கேட்கிறார்கள். ஆனால், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அளவு வேண்டியிருக்கிறது. விண்ணப்பங்கள் பலவற்றில் 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள கட்டம் இருக்கும். கைப்பேசியில் நம் பெயருக்கு அருகில் வைக்கும் படத்திற்குச் சதுரமோ வட்டமோ தரப்பட்டிருக்கும். கைப்பேசியில் நாம் எடுக்கும் படமோ பெரும்பாலும் 3-க்கு 4 என்ற விகிதத்தில் அமைந்த நீள்சதுரம். படத்தைக் கட்டத்திற்குள் எவ்வாறு பொருத்துவது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது சிறிய வினாவாக இருக்கவில்லை.

எங்கள் சொந்த ஊர் கும்பகோணத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். தந்தையார் பணியின் பொருட்டு நாக்பூருக்கு வந்தார். நானும் என் தம்பியும் அங்கேயே பிறந்து வளர்ந்தோம். எங்கள் தாத்தா, தந்தையாருக்கு நான்கு வயது நிரம்பும் முன்பே காலமாகிவிட்டார். அவருடைய நிழற்படம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. திண்ணையின் முன்னால், தோளில் துண்டுடன் அவர் நின்ற படம் அது. அதன் அகலம் 4 அங்குலம். உயரம் 6 அங்குலம். பாட்டி அதைத் தம் பெட்டியில் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் வைத்துக் காத்துவந்தார்.

ஒருமுறை ஊருக்குச் சென்ற தந்தையார் அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்ட விரும்பினார். 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட அழகிய தேக்குச் சட்டம் ஒன்றை வாங்கினார். படம் அச்சிடும் கடையொன்றில் சட்டம் முழுவதும் நிரம்புமாறு அச்சிட்டுக் கொடுத்தார்கள். சிறிய படம் மீண்டும் பாட்டியின் பெட்டிக்குள் சென்றது. பெரிய படம் நாக்பூர் வீட்டின் கூடத்தில் இடம்பெற்றது. அமாவாசைதோறும் அதற்கு மாலை சார்த்தினோம். தாத்தா வட்ட முகமும் பருத்த உடலும் உடையவர் என்றே நானும் தம்பியும் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டி எங்களுடன் தங்குவதற்கு வந்தார். கூடத்தில் இருந்த படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு, "துண்டு அவருடையது, திண்ணை நம்முடையது. முகம் மட்டும் யாருடையதோ போல இருக்கிறதே, அப்பா! அவருக்கு ஒடிசலான உடம்பு, நீண்ட முகம்" என்றார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தம் தந்தையின் முகம் அவருக்கும் நினைவில் இல்லை. அந்த முகத்தை நேரில் கண்டு நினைவில் வைத்திருந்தவர் எங்கள் குடும்பத்தில் பாட்டி ஒருவரே. அவரும் வாராதிருந்தால், வேறொரு முகத்தையே தாத்தா என்று நாங்கள் அடுத்த தலைமுறைக்கும் காட்டியிருப்போம்.

பாட்டி தம் பெட்டியிலிருந்த சிறிய படத்தை எடுத்துக் கொடுத்தார். அளவுகோலும் தாளும் கொண்டு நானும் தம்பியும் கணக்கிட்டுப் பார்த்தோம். 4 அங்குல அகலத்திற்கு 6 அங்குல உயரம் என்றால், 10 அங்குல அகலத்திற்கு 15 அங்குல உயரம் வேண்டும். சட்டத்திலோ 12 அங்குலமே இருந்தது. ஆகவே, 15 அங்குலம் 12 அங்குலத்திற்குள் அழுத்தப்பட்டிருந்தது. அகலம் குறையவில்லை; உயரம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. படத்திலிருந்து ஒன்றும் வெட்டப்படவில்லை, ஒன்றும் அழிக்கப்படவில்லை. ஆயினும், மெலிந்த மனிதர் பருத்துவிட்டார்.

இதற்கு முறையான வழிகள் இரண்டு உண்டு. படத்தை 10-க்கு 15 என்ற அளவில் பெரிதாக்கி, மேலும் கீழுமாக 3 அங்குலத்தை வெட்டிவிடுவது ஒன்று. உயரத்தை 12 அங்குலமாகவும் அகலத்தை 8 அங்குலமாகவும் வைத்து, இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் வெற்றிடம் விடுவது மற்றொன்று. முதல் வழியில் காட்சியின் ஒரு பகுதியை இழக்கிறோம். இரண்டாம் வழியில் சட்டத்தின் ஒரு பகுதி வெறுமையாகிறது. இரண்டிலும் முகம் மாறுவதில்லை. பாட்டி இரண்டாம் வழியையே விரும்பினார். மேலே தெரிந்த ஓட்டுக் கூரையும் கீழே தெரிந்த வாசற்படியும் அவர் வாழ்ந்த வீட்டினுடையவை. அந்த வீடு இப்போது இல்லை.

கணினியிலும் கைப்பேசியிலும் இதே கணக்குதான். அங்கே அங்குலத்திற்குப் பதிலாகப் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளை எண்ணுகிறோம். அகலவாட்டில் 1200 புள்ளிகளும் உயரவாட்டில் 1600 புள்ளிகளும் கொண்ட படத்தை, 240 புள்ளிகள் கொண்ட சதுரத்தில் வைக்க வேண்டும் என்று கொள்வோம். இரண்டையும் ஐந்தில் ஒரு பங்காக்கினால் 240-க்கு 320 ஆகும். மிகுதியாக உள்ள 80 வரிசைகளை, தலையும் முகவாயும் வெட்டுப்படாதவாறு நீக்கிவிடலாம். வட்டக் கட்டமாயின் மூலைகள் மறைந்துவிடும். எனவே, முகம் நடுவில் இருக்க வேண்டும்.

படத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் உருவம் நீளும் அல்லது அகலும். பெரும்பாலான செயலிகளில் அகலத்தையும் உயரத்தையும் பிணைத்து வைக்க ஒரு பூட்டுக்குறியோ சங்கிலிக்குறியோ இருக்கும். அதை இயக்கிவிட்டால், ஒன்றை மாற்றும்போது மற்றொன்றும் அதே விகிதத்தில் மாறும். சிறிதாக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினால் இழந்த நுட்பங்கள் திரும்பி வருவதில்லை, படம் மங்கிவிடும். ஆதலால், மூலப்படத்தைத் தனியே காத்துவைத்து, அதன் நகலில்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

விகிதத்தைக் காக்கும் இந்தக் கலை கணினியோடு பிறந்ததன்று. எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் பஞ்சலோகத் திருமேனிகளை வார்க்கிறார்கள். செய்யவேண்டிய உருவத்தின் உயரத்திற்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து உறுப்புகளின் அளவுகளைக் குறித்துக்கொள்வது அவர்கள் மரபு. முகத்தின் நீளமே 'தாலம்' என்னும் அலகு. உருவம் ஒரு சாண் உயரமாயினும் ஆள் உயரமாயினும் முகத்திற்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. ஓலை எவ்வளவு நீளமாயினும், இரண்டாக மடித்தால் பாதி பாதிதானே! செயலியின் பூட்டுக்குறி இன்று செய்யும் பணியை அந்த ஓலை நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, உறவினர் பலர் படங்களின் வழியாகவே அறிமுகமாகிறார்கள். அத்தையையும் மாமாவையும் ஆண்டுக்கு ஒருமுறை காண்பதே அரிது. எனவே, அவர்களுடைய படத்தின் அளவை மாற்றும்போது, மூலப்படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் வட்டமான பொருள் ஏதேனும் இருக்கும்: நேராகத் தெரியும் சுவர்க்கடிகாரம், சட்டைப் பொத்தான், அத்தையின் நெற்றிப்பொட்டு. மூலத்தில் வட்டமாக இருந்த பொட்டு புதிய படத்திலும் வட்டமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். அது முட்டை வடிவமாகியிருந்தால், அத்தையின் முகமும் மாறியிருக்கிறது என்று அறிந்து மீண்டும் தொடங்குங்கள்.