கேடயத்தில் ஒரு முகம்

ஊருக்கு ஒரு சின்னம் வேண்டுமென்றால் சிங்கத்தையோ கழுகையோ தேடிப் போவதுதான் உலக வழக்கம். ஜெர்மனியிலே கோபர்க் என்ற சிறு நகரம் அப்படிப் போகவில்லை. தன் கேடயத்தில் ஒரு கறுப்பு மனிதரின் முகத்தை எழுதிக்கொண்டது. பொன்னிறப் பின்னணி, பக்கவாட்டில் திரும்பிய முகம், காதிலே தங்க வளையம். படத்தில் பார்த்தபோது, 'இவர் இங்கே எப்படி வந்தார்?' என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் மோரிட்ஸ் என்னும் கிறிஸ்தவப் புனிதர். அந்த ஊரின் காவலர். எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படையொன்றின் தலைவராம். சக்கரவர்த்தியின் கட்டளைக்காக மனச்சாட்சியை விட்டுக்கொடுக்க மறுத்து, வீரர்களோடு உயிரை விட்டார் என்பது ஐதீகம். மாக்டபர்க் தேவாலயத்தில் 1250-ஐ ஒட்டி வடித்த அவர் சிலை இருக்கிறது. கவசம் பூண்ட ஆப்பிரிக்க வீரர். என்ன கம்பீரம்! சிற்பி மரியாதையோடு உளி பிடித்திருக்கிறான்.

நகரசபையில் நாஜிகளுக்கு அறுதிப் பெரும்பான்மை கொடுத்த முதல் ஜெர்மானிய நகரமும் இதே கோபர்க்தான், அது 1929-இல். கறுப்பு முகம் அவர்கள் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? 1934-இல் அதை நீக்கிவிட்டு ஒரு வாளை நிறுத்தினார்கள். வாளின் பிடியிலே ஸ்வஸ்திகம். 1945-இல் அவர்கள் ஆட்சி வீழ்ந்தது. முகம் திரும்பி வந்தது.

கதை எழுதுகிறவன் இங்கே 'சுபம்' போட்டிருப்பான். ஆனால் 2020-இல் வேறொரு கேள்வி எழுந்தது. தடித்த உதடும் காது வளையமுமாக இருப்பது புனிதரின் முகமா, கேலிச் சித்திரமா? மாற்ற வேண்டும் என்று ஒரு மனு. எங்கள் பெருமையைத் தொடாதீர்கள் என்று எதிர் மனு.

யார் பக்கம் பேசுவது என்று யோசித்தபோது ஒரு பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. என் தொடர்கதையில் ஒருத்தியை, 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்' என்று வருணித்திருந்தேன். ஒரு வாசகி ஒரே வரியில் கேட்டிருந்தார்: "அந்த 'இருந்தாலும்' எதற்கு?"

நான் புகழ்ந்ததாகத்தான் நினைத்திருந்தேன். கோபர்க்காரர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்? ஒரு முகத்தைத் துடைத்தெறிவது வேறு, நன்றாகப் பார்த்துத் திருத்தி வரைவது வேறு. முன்னது பகை, பின்னது கடன்.

வாசகிக்கு நான் பதில் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. புத்தகமாக வந்தபோது அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். அவள் கதையில் இருக்கிறாள், கறுப்பாகவும் களையாகவும்.