‘கொ’ எழுதினால் ‘கொ’ கிடைக்கிறதா?

பயனர் செய்வதை எல்லாம் நிஜ பிரவுசரிலேயே நிரலைக் கொண்டு செய்துபார்ப்பதுதான் எண்ட்-டு-எண்ட் சோதனை.

2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் என்ற கருவி இதற்கு வழிபோட்டது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என மூன்று பிரவுசர் வகைகளிலும் ஒரே சோதனையை ஓட்டும்.

செம்மங்குப்பத்திலிருந்து கொள்ளிடம் போக ஒரு பயணப்பதிவுத் தளம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கான சோதனை இப்படி இருக்கும்:

பக்கத்தைத் திற.
‘சேருமிடம்’ பெட்டியில் கொள்ளிடம் என்று நிரப்பு.
‘பதிவு செய்’ பொத்தானை அழுத்து.
சீட்டில் அதே ஊர் வந்திருக்கிறதா பார்.

பொத்தானை அதன் பெயரால் தேடுவதே நல்லது. வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் பெயர் அடுத்த வாரமே மாறிவிடலாம். ‘மூன்று விநாடி காத்திரு’ என்று எழுதவே வேண்டாம். பொத்தான் தயாராகும்வரை பிளேரைட் தானாகவே காத்திருக்கும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொன்று மிக முக்கியம்.

‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம்.
திரையில் வித்தியாசமே தெரியாது.
நிரலுக்கு இரண்டும் வேறு வேறு.

ஆகவே கண்ணுக்குச் சரியாக இருந்தும் சோதனை தோற்கலாம். அதைச் சோதனையின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. அந்தத் தளத்தில் ஊரைத் தேடுபவருக்கும் ‘கிடைக்கவில்லை’ என்றே வந்திருக்கும்! உள்ளே வரும் எழுத்தை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றியே சேமிக்க வேண்டும். தேடும் சொல்லையும் அப்படியே மாற்ற வேண்டும்.

தமிழில் இயங்கும் எத்தனை தளங்களில் இரண்டு வடிவத்தையும் தட்டிப் பார்க்கும் சோதனை இருக்கிறது?